நங்கூரப் பொத்தான்

பாளையங்கோட்டையில் சத்தியநேசன் வீடு எங்கே என்று கேட்டால் நாலு பேர் நின்று யோசிப்பார்கள். கோட்டு வீடு எங்கே என்று கேட்டால் உடனே கை நீளும். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற உயரத்தில், கூடத்துச் சுவரில், சத்தியநேசனின் தகப்பனார் தேவசகாயம் படமாகத் தொங்கிக்கொண்டிருந்தார். இடுப்புவரைக்கும்தான் படம். கறுப்புக் கோட்டு. அதில் ஐந்து பொத்தான். நாலு கறுப்பு. மேலிருந்து மூன்றாவது மட்டும் பித்தளை, அதில் ஒரு நங்கூரம்.

வருகிறவர்களுக்கு முதலில் மோர் கொடுப்பார்கள். அடுத்தது கோட்டுக் கதை. கலெக்டர் துரை குதிரையோடு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பக்கம் வெள்ளத்தில் சிக்கிக்கொண்டார். தேவசகாயம் குதித்து நீந்தித் துரையைக் கரை சேர்த்தார். துரை நடுங்கிக்கொண்டே தம்முடைய கோட்டைக் கழற்றி அவர் தோளில் போட்டார். தேவசகாயம் உயிரோடிருந்தவரை இந்தக் கதை கிடையாது. அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் துரை வெறும் தாசில்தாராக இருந்தார், தண்ணீர் முழங்கால் அளவு. அப்புறம் வருஷா வருஷம் தண்ணீரும் ஏறியது, உத்தியோகமும் ஏறியது.

கோட்டு எங்கே, பார்க்கலாமா என்று எவராவது கேட்டுவிட்டால் சத்தியநேசன் குரலைத் தாழ்த்துவார்.

"அப்பாவோட சேத்து அடக்கம் பண்ணிட்டோம் வே. அவுகளுக்கு வந்த மரியாதை, அவுகளோடயே போகட்டும்னு."

தாத்தா ஆற்றுக்குப் போனால் படித்துறையில் உட்கார்ந்து செம்பால் மொண்டு ஊற்றிக் குளிக்கிற ஆள் என்பது ஜெபகனிக்குத் தெரியும். தண்ணீர் கணுக்காலைத் தாண்டினால் அவருக்குத் தலை சுற்றும். தெரிந்ததையெல்லாம் சொல்லிவிட்டு அந்த வீட்டில் சோறு தின்ன முடியாது. அதனால் அவள் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஜெபகனி, சத்தியநேசனின் தம்பி மகள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே வாரத்தில் அப்பனையும் ஆத்தாளையும் காலரா கொண்டுபோனது. அன்றிலிருந்து பெரியப்பா வீடு. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, தையல் கற்று, பரீட்சையும் தேறி, இருபத்திரண்டு வயதில் கையில் ஒரு கடிதமும் வந்திருந்தது. ஆழ்வார்திருநகரியில் புதிதாகத் திறந்த பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியை வேலை. ஜூலை முதல் தேதி வந்து சேர வேண்டும். வீட்டுப் பெரியவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சத்தியநேசன் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். வேதபுத்தகத்தைத் திறந்து லேவியராகமத்தில் வைத்து மூடினார். அந்தப் பக்கத்துக்கு அந்த வீட்டில் யாரும் அடிக்கடி போவதில்லை.

"கல்யாணத்தப் பேசி வச்சிருக்கேன். இப்ப என்ன வேலை?" என்றார்.

மாப்பிள்ளை ஸ்ரீவைகுண்டம் கிருபைராஜ். ஆற்றங்கரையில் வாழைத்தோட்டம். மனைவி இறந்து ஒரு வருஷம். நாலு பிள்ளைகள். வயது முப்பத்தைந்து என்று சொன்னார்கள். சொன்னவர்கள் அவருடைய மூத்த மகளுக்குப் பதினெட்டு என்பதையும் சேர்த்தே சொன்னதால் கணக்கு கொஞ்சம் இடித்தது.

"நாலு பிள்ளைய நோவு இல்லாமக் கெடைக்குது. கசக்குதாக்கும்?" என்றாள் பெரியம்மா சாரம்மாள்.

"அதுல மூத்தவ எனக்குத் தங்கச்சி மாதிரி இருப்பா பெரியம்ம."

"அப்ப வேலைக்கு ஒத்தாசையா இருப்பா. போ, கீரைய ஆய்."

மாப்பிள்ளை படமும் வந்திருந்தது. தடித்த அட்டையில் ஒட்டிய படம். மீசையை முறுக்கி, கண்ணை உருட்டி, இடுப்புவரைக்கும் நின்றார் கிருபைராஜ். கறுப்புக் கோட்டு. ஐந்து பொத்தான். மேலிருந்து மூன்றாவது பித்தளை.

ஜெபகனி படத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்த் தாத்தாவைப் பார்த்தாள். மறுபடியும் கையிலிருந்ததைப் பார்த்தாள். மண்ணுக்குள் போன கோட்டு ஆறு வருஷம் கழித்து ஸ்ரீவைகுண்டத்தில் எழுந்திருந்தது. செத்தவர்களை எழுப்புகிற கடைசி எக்காளம் ஊதிய சத்தம் யாருக்கும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெரியப்பாவும் அந்தப் படத்தைப் பார்த்தவர்தான். பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை லெட்சணமா இருக்காரு" என்று சொன்னவர், அவள் பார்த்து முடித்ததும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார். கூடத்தில் மாட்டவில்லை. அவள் அதையும் மனதில் குறித்துக்கொண்டாள்.

அந்தக் காலத்தில் மிஷன் வீடுகளில் ஒரு மோஸ்தர் பரவியிருந்தது. பள்ளிக்கூடத்துத் துரைசானி பெண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பரப்பியது. வீட்டார் படங்களிலிருந்து தலையை மட்டும் முட்டை வடிவில் கழுத்தோடு வெட்டியெடுப்பார்கள். ஓலைப்பெட்டி மூடியில் கறுப்பு வெல்வெட்டுத் தைத்து, அதில் தலைகளை ஒட்டி, சுற்றிலும் சோழியும் பின்னல் சரிகையும் வைப்பார்கள். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது பெண் தன் கையால் செய்த பெட்டியை எடுத்துக் கொடுக்க வேண்டும். பெட்டி இல்லாத நிச்சயத்தைப் பற்றிக் கோயில் வாசலில் பேசிக்கொள்வார்கள்.

"ஏட்டி, ரெண்டு குடும்பத்து ஆம்பளைகளும் மூடியில இருக்கணும்" என்றார் சத்தியநேசன். "நம்ம அப்பா நடுவுல. அப்பா படம் மட்டும் கோட்டோட இருக்கட்டும், நங்கூரம் தெரியணும். மத்தவனுக்குத் தலை போதும்."

"நீங்க பெரியப்பா?"

"நான் எதுக்கு?" என்றார். அவர் இதுவரை படம் எடுத்துக்கொண்டதே இல்லை. காரணம் கேட்டால் தாழ்மை என்பார்.

படங்கள் சேர்ந்தன. பெண் வீட்டில் தாத்தா, ஜெபகனியின் அப்பா, சாரம்மாள் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த தாய்மாமன். மாப்பிள்ளை வீட்டில் கிருபைராஜ், அவருடைய அக்காள் புருஷன் நேசையா. ஐந்து பேர். ஜெபகனி தன் பாயை விரித்து ஐந்தையும் வரிசையாக வைத்தாள். ஐந்து பேருக்கும் ஒரே கோட்டு. ஐந்து நங்கூரம். அப்பாவுக்கு மட்டும் கோட்டின் கை கொஞ்சம் குட்டை.

மறுநாள் படங்களைத் துணியில் சுற்றிக்கொண்டு மத்தியாஸ் கொட்டகைக்குப் போனாள்.

மத்தியாஸ் உவரிக்காரர். அப்பனும் அண்ணன்மாரும் கட்டுமரத்தில் போகிற குடும்பம். இவருக்குக் கடல் ஒத்துவரவில்லை, கரையைத் தாண்டினால் வாந்தி. கொழும்புக்குப் போய் ஒரு படக்கடையில் கண்ணாடித் தகடு கழுவித் தொழில் கற்றுக்கொண்டு, ஒரு படப்பெட்டியோடு திரும்பிவந்து, சந்தைக்குப் பின்னால் கூரையில் கண்ணாடி பதித்த கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். சுற்று வட்டாரத்தில் வேறு ஆள் இல்லை.

"அண்ணாச்சி, இந்த அஞ்சு பேருக்கும் மெல்லிசுக் காயிதத்துல புதுசா ஒரு படம் போட்டுத் தரணும். தகடு வச்சிருப்பியள்லா?"

பலகையில் அவள் பரப்பிய வேகத்தைப் பார்த்து மத்தியாஸ் ஓடிவந்தார்.

"ஏ தாயி, இப்படி வரிசையா வைக்காத. தொழிலுக்கு ஆகாது."

"எல்லாருக்கும் ஒரே கோட்டு."

"பின்ன? வருதவன் தோள்ல துண்டப் போட்டுட்டு வருதான். துண்டோட படம் பிடிச்சு அனுப்பினா எவன் பொண்ணு குடுப்பான்?"

ஆணியில் தொங்கியது கோட்டு. முன்பக்கம் துரைத்தனம். திருப்பினால் முதுகு நடுவே மேலிருந்து கீழ்வரைக்கும் கத்தரித்து, இரண்டு பக்கமும் நாடா வைத்துத் தைத்திருந்தது. ஒல்லியானவனுக்கு இறுக்கிக் கட்டலாம். தடியனுக்குத் தளர்த்தி விடலாம். முன்னால் நின்று பார்க்கிற படப்பெட்டிக்கு முதுகைப் பற்றி என்ன கவலை?

"இது யாரு கோட்டு அண்ணாச்சி?"

"கொழும்புத் தொறைமுகத்துல ஒரு கப்பல் சமையக்காரன் வித்தான். வெங்காயம் உரிச்சே கண்ணு செவந்து போனவன். மழைக்காலம் வந்தா இன்னும் வெங்காய வாடை அடிக்கும். மோந்து பாரு."

அவள் மோந்து பார்த்தாள். மழை இல்லாத நாளிலும் லேசாக அடித்தது.

"எங்க தாத்தாவ நெனவிருக்கா?"

"மறக்குமா? மூச்சப் புடிச்சிட்டு நின்னாவ. உங்க பெரியப்பாதான் பின்னால நின்னு நாடாவ முடிச்சுப் போட்டாவ. ரெட்டை முடிச்சு. அவுக்க முடியாம அறுத்தேன்."

ஜெபகனி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"எங்க அப்பா?"

"அவுகளா? ஆடாம நில்லும், மூச்சு விடாதயும்னு சொன்னா, என்னால முடியலே வே, பின்னால காத்து வருதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பு. ரெண்டு தகடு பாழாப் போச்சு."

அவள் அப்பாவின் படத்தை எடுத்துப் பார்த்தாள். ஐந்து பேரில் நாலு பேர் நியாயத்தீர்ப்பு நாளில் நிற்கிற மாதிரி நின்றார்கள். அப்பாவின் வாயோரம் மட்டும் கொஞ்சம் கோணியிருந்தது. ஐந்து வருஷமாக அதை அவள் தகட்டில் விழுந்த அழுக்கு என்று நினைத்திருந்தாள்.

"இதப் போட்டவங்க யாரும் வெளிய சொல்லலையே அண்ணாச்சி?"

"எப்படிச் சொல்லுவான்? ஊர்ல ஒரு நாப்பது வீட்டுல தொங்குது. ஒருத்தன் வீட்டுல கலெக்டர் குடுத்தது. ஒருத்தன் வீட்டுல கப்பக் கப்டன் குடுத்தது. பேட்டை யாவாரி ஒருத்தர் வீட்டுல அது சீமையிலேந்து பார்சல்ல வந்தது. எல்லாம் இந்த நங்கூரத்தால வந்த வினை. ஒருத்தன் வாயத் தொறந்தா அவன் கதையும் சேந்துல்லா போவும்? போன மாசம் உங்க மாப்பிள்ளை வந்தாரே, நங்கூரம் நல்லாத் தெரியும்படியா பிடியும் வேன்னு ரெண்டு மட்டம் சொன்னாரு. கொழும்புல தைச்சதுன்னு சொல்லப் போறாராம்."

நாடா பிய்ந்திருந்தது. கக்கத்தில் தையல் விட்டிருந்தது. உள்துணி கந்தலாகத் தொங்கியது. படத்துக்குப் பதில் கோட்டைச் செப்பனிட்டுத் தருவது என்று பேசி முடித்தார்கள்.

"அந்தப் பித்தளைய எடுத்துட்டுக் கறுப்புப் பொத்தானே வச்சிருதேன் அண்ணாச்சி."

"எடு, எடு. இனி வாறவனாவது கதை கட்டாம இருக்கட்டும்."

உவரியிலிருந்து மத்தியாஸின் தங்கை மரியம்மாள் கருவாட்டுக் கூடையோடு வந்தபோது ஒரு கொட்டான் நிறையச் சோழியும் கொண்டுவந்து போட்டாள். வேலை தொடங்கியது.

சாயம் தோய்த்த ஓலையில் பெட்டி முடைந்தாயிற்று. வெல்வெட்டுத் தைத்தாயிற்று. வேலம்பிசினை ஊறவைத்து, வடிகட்டி, விரலால் தொட்டுப் பார்த்துப் பதம் சேர்த்தாள். பிசின் தண்ணியாக இருந்தால் படம் சுருங்கும், கெட்டியாக இருந்தால் மஞ்சளாகப் போகும். கத்தரியை எடுத்தபோதுதான் யோசித்தாள். எங்கே வெட்டுவது? துரைசானி கழுத்தோடு வெட்டச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஜெபகனி மூன்றாவது பொத்தானுக்கு ஒரு விரல் கீழே வெட்டினாள். ஐந்து பேருக்கும்.

முதலில் தாத்தாவை நடுவில் ஒட்டினாள். மற்ற நாலையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு பெட்டியைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நங்கூரம் நல்லாத் தெரியுது. சுத்தி இன்னும் ரெண்டு வரிசை சோழி வை. மத்தவனுக்கு ஒரு வரிசை போதும்."

"சரி பெரியப்பா."

அவர் அதற்கப்புறம் பெட்டியைப் பார்க்கவில்லை. தம் அப்பாவைப் பார்த்தாயிற்று, மற்றவர்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வில்வண்டியில் வந்து இறங்கினார்கள். கிருபைராஜ், அவருடைய அக்காள் ஞானவடிவு, அவள் புருஷன் நேசையா, ஒரு முழு வாழைத்தார். போதகரும் வந்திருந்தார். அன்றைக்குப் பேசி முடித்தால் வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பாக முதல் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிறு ஓலை வாசித்துவிட்டால் ஜூலை முதல் தேதி ஆழ்வார்திருநகரியில் வேறு யாராவது ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பார்கள். மோர்ச் செம்போடு நின்ற ஜெபகனி இதைக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கூடத்தில் அவளுக்கு அன்றைக்கு விட்டால் இன்னொரு நாள் கிடையாது.

"கோட்டப் போட்டுட்டு வருவியன்னு பாத்தேன்" என்றாள் சாரம்மாள், மாப்பிள்ளையிடம்.

"வெயில்ல எதுக்குன்னு வீட்டுல வச்சிட்டேன் அத்தை" என்றார் கிருபைராஜ்.

கோட்டுக் கதை நடந்தது. அன்றைக்குத் தண்ணீர் கழுத்துவரை வந்தது. பிறகு சத்தியநேசன் எழுந்து, வெள்ளைத் துணி போர்த்திய பெட்டியைத் தாமே கொண்டுவந்து நடுவில் வைத்து, "எங்க பிள்ள கைவேலை, பாருங்க" என்று துணியை உருவினார்.

"அடியாத்தி, என்ன அழகு" என்று குனிந்தாள் ஞானவடிவு. குனிந்தவள் நிமிரவில்லை. விரலை ஒவ்வொரு மார்பாக வைத்துக்கொண்டு போனாள். "எலே தம்பி."

"என்னக்கா?"

"இது உன் கோட்டுல்லா? இந்தப் பெரியவரும் அதத்தான் போட்டிருக்காவ. இந்தா, இவியளும்."

"அது கலெக்டர் துரை குடுத்த கோட்டு" என்றார் சத்தியநேசன். குரல் வழக்கத்தைவிட உயரத்தில் இருந்தது.

"என் தம்பி கோட்டு கொழும்புல தைச்சது."

"அதுல நானும் இருக்கேனே" என்று மூக்கை நீட்டினார் நேசையா. அவர் கோர்ட்டில் குமாஸ்தா. உள்ளதைச் சொல்லும் வியாதி உள்ளவர். "ஆமா வே, இது நம்ம சந்தைக்குப் பொறத்த—"

ஞானவடிவின் முழங்கை அவர் விலாவில் இறங்கியது. நேசையாவின் வியாதி அந்த இடத்திலேயே குணமானது.

போதகர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெட்டியருகே வந்தார். நிதானமாகப் பார்த்தார்.

"ஐந்து பேருக்கும் மூன்றாவது பொத்தான் பித்தளை" என்றார். "நங்கூரமும் இருக்கிறது. சத்தியநேசன், அந்தக் கோட்டை அடக்கம் செய்துவிட்டதாக அல்லவா சொல்லிக்கொண்டிருந்தீர்?"

சத்தியநேசனுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று உண்மை. அது பக்கத்தில்தான் இருந்தது, நாலு வார்த்தையில் முடிந்திருக்கும். அவர் மற்றதைப் பிடித்தார்.

"அடக்கம் பண்ணினது நெசம். பண்ணின கோட்ட இவரு எப்படிப் போட்டாருன்னு இவருகிட்டல்லா கேக்கணும்!"

"என்ன வே சொல்லுதீரு?" என்று எழுந்தார் கிருபைராஜ்.

"எங்க அப்பா குழியத் தோண்டினது யாருன்னு கேக்கேன்."

பிணத்தின் கோட்டை உருவிப் போட்டுக்கொண்டு பெண் கேட்க வந்தவர் என்று ஒரு மனிதனை அவர் முகத்துக்கு நேரே சொல்லியாயிற்று. மத்தியாஸ் கொட்டகைக் கோட்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் கிருபைராஜ் தப்பித்திருப்பார். அந்த வார்த்தை பல்வரைக்கும் வந்தது. அக்காள் பார்த்துக்கொண்டிருந்தாள். போதகர் பார்த்துக்கொண்டிருந்தார். மோர்ச் செம்போடு நின்ற பெண்ணும் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது திரும்பி உள்ளே போய்விட்டது.

"அது கொழும்புல—"

"கொழும்புலயா எங்க அப்பாவப் பொதைச்சோம்?"

"ஏ பிள்ள" என்று ஞானவடிவு ஜெபகனி பக்கம் திரும்பினாள். "ஒட்டினவ நீ. நீ சொல்லு, என்ன இது?"

எல்லாக் கண்ணும் அவள்மேல் வந்தன. பெரியப்பாவின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அவர் கண் கெஞ்சியது. ஐந்து வருஷத்தில் அந்தக் கண் அவளிடம் எதையும் கேட்டதில்லை.

"எனக்கு என்ன தெரியும் மதினி? பெரியவங்க குடுத்த படத்த ஒட்டினேன். பெரியப்பா சொன்ன கதையக் கேட்டு வளந்தேன்" என்றாள் ஜெபகனி.

அதில் ஒரு பொய்யும் இல்லை, முதல் நாலு வார்த்தையைத் தவிர.

"குழி தோண்டுத குடும்பம்னு சொன்ன வீட்டுல தண்ணிகூடக் குடிக்கப்படாது. எந்திலே" என்றாள் ஞானவடிவு. மூன்று டம்ளர் மோரும் ஏற்கெனவே காலியாகியிருந்தன. வண்டிகள் கிளம்பின. நேசையா மட்டும் ஒரு தடவை திரும்பி, பெட்டியிலிருந்த தம் படத்தை ஏக்கமாகப் பார்த்தார். அதில் அவர் நன்றாகவே விழுந்திருந்தார். வாழைத்தாரைத் திருப்பி எடுத்துப்போக யாருக்கும் நினைவு வரவில்லை. சமைத்த சோறு வீணாகக் கூடாது என்று சொல்லிப் போதகர் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

அவர் தலை மறைந்ததும் சத்தியநேசன் திரும்பினார்.

"ஏட்டி, தலை போதும்னு சொன்னேனா இல்லையா?"

"ஒண்ணு பெருசு, நாலு சிறுசுன்னா மூடி கோணும் பெரியப்பா. அஞ்சும் ஒரே அளவா இருந்தாத்தான் அம்சம்."

"வேணும்னே செஞ்சிருக்க."

ஜெபகனி பெட்டியைத் திருப்பி வைத்தாள். முன்பக்கம், மூடி வந்து பொருந்துகிற இடத்தில், பின்னல் சரிகையில் ஒரு சின்ன மடிப்புத் தொங்கியது. அதைத் தூக்கினாள். உள்ளே மூடியைக் கட்டிப் பிடிக்கிற இடத்தில் பித்தளைப் பொத்தான் மினுங்கியது. நங்கூரம் நேராக நின்றது.

சத்தியநேசன் தாமாகவே பலகையில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எங்க..."

"மத்தியாஸ் அண்ணாச்சி கோட்டுல இருந்து. நாடா பிஞ்சிருந்திச்சு, தைச்சுக் குடுத்தேன். தாத்தாவுக்கு அந்த நாடாவ ரெட்டை முடிச்சுப் போட்டது நீங்கதான்னு சொன்னாவ. கப்பல்ல வெங்காயம் உரிச்சவன் கோட்டாம் பெரியப்பா."

சத்தியநேசன் வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் மெதுவாக.

"அண்ணாச்சிக்கு. எனக்கு."

"எனக்கும்" என்று அடுப்படியிலிருந்து சாரம்மாள் குரல் வந்தது. "படம் பிடிக்க மாமா வெறும் துண்டோட போனாவ, வெறும் துண்டோட வந்தாவ. கோட்டு எங்கன்னு அன்னைக்கே தேடினேன். குளிப்பாட்டிப் பெட்டியில வைக்கையிலயும் நான் பக்கத்துல நின்னேன்."

சத்தியநேசன் அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அங்கே பாத்திரம் தேய்க்கிற சத்தம் மறுபடி தொடங்கியது. அவர் கையை நீட்டினார்.

"அதக் குடு."

"லேவியராகமத்துல ஒரு கடுதாசி இருக்கு பெரியப்பா."

அவர் அசையவில்லை. அவளும் அசையவில்லை. தெருவில் யாரோ "கோட்டு வீட்டு அண்ணாச்சி இருக்காவளா?" என்று கேட்கிற சத்தம் வந்தது. பலவேசம், பக்கத்துத் தெருக்காரர். சம்பந்தம் பேசின சேதி கேட்கத்தான் வந்திருப்பார்.

"பைய வாரும் வே, வேலையா இருக்கேன்" என்று கத்திவிட்டு சத்தியநேசன் எழுந்தார். வேதபுத்தகத்தை எடுத்தார். மையும் பேனாவும் கேட்டார். ஜெபகனி ஏற்கெனவே கொண்டுவந்து வைத்திருந்தாள். கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. கோணினாலும் செல்லும்.

மை காயும்வரை ஊதிவிட்டு, கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, அப்புறம்தான் ஜெபகனி நூலைப் பல்லால் கடித்துப் பொத்தானை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அவர் அதை வாய்க்காலில் எறிவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவர் எறியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். துண்டின் நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் பிடித்தார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் திரும்பியது.

"ஏட்டி. அடக்கம் பண்ணையில இது மட்டும் கழண்டு விழுந்திச்சு, எடுத்து வச்சேன்னு சொன்னா எப்படி இருக்கும்?"

"சொல்லலாம்."

"அப்பா படத்துக்குக் கீழ, ஒரு மரச்சட்டத்துக்குள்ள..."

"சோழி மிச்சம் கெடக்கு பெரியப்பா. போறதுக்குள்ள செஞ்சு வச்சிட்டுப் போறேன்."

கிருபைராஜ் படத்திலும் அதே பொத்தான் இருக்கிறதே என்று நாளைக்கு யாராவது கேட்கலாம். கேட்க வேண்டுமென்றால் இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நாற்பது வீட்டில் எவனுக்கும் அந்தத் தைரியம் வராது. அவன் வீட்டுப் படமும் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

சட்டத்தை அவள் மூன்று நாளில் முடித்தாள். நடுவில் தாத்தா. கீழே பொத்தான். சுற்றிலும் மூன்று வரிசை சோழி. பின்பக்கம் அட்டைக்கும் பலகைக்கும் நடுவில் மெத்தென்று இருக்கட்டும் என்று ஒரு பழந்துணியையும் மடித்து வைத்துத் தைத்தாள். மத்தியாஸ் கோட்டிலிருந்து கத்தரித்தெடுத்த உள்துணி. அதைப் பற்றி அவளை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜூன் முப்பதாம் தேதி விடியற்காலையில் மாட்டுவண்டி ஏறினாள். ஓலைப்பெட்டி மடியில் இருந்தது. கொதிதண்ணீர் ஆவியில் காட்டி நாலு படங்களையும் உரித்துவிட்டிருந்தாள். அப்பா மட்டும் வாயைக் கோணிக்கொண்டு மூடியில் இருந்தார். உள்ளே ஊசி, நூல்கண்டு, கத்தரி, ஒரு சீப்பு வாழைப்பழம். ஸ்ரீவைகுண்டத்துப் பழம். நன்றாகப் பழுத்திருந்தது.

கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தபோது நாலு நாளாக விடாத மழை. கூடத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். துரை கவர்னராகியிருந்தார். தண்ணீர் பனைமரத்தின் பாதி உயரத்துக்கு வந்திருந்தது. குழியிலிருந்து கோட்டைத் திருடியவர்கள் பற்றிப் புதிதாக ஒரு பகுதியும் சேர்ந்திருந்தது. முடிவில் எல்லாரும் எழுந்து சட்டத்துக்கு அருகில் போய்ப் பொத்தானைப் பார்த்தார்கள்.

பலவேசம் இன்னும் கொஞ்சம் கிட்டே போனார். மூக்கை உறிஞ்சினார். திரும்பவும் உறிஞ்சினார்.

"என்ன அண்ணாச்சி, படத்துலேந்து வெங்காய வாடை அடிக்குது?"

சத்தியநேசன் ஜெபகனியைப் பார்த்தார். ஜெபகனி மோர்ச் செம்பைப் பார்த்தாள்.

"அது வெங்காயம் இல்ல வே" என்றார் சத்தியநேசன். "சீமை அத்தரு. துரைமாருங்க போடுதது."

பலவேசம் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை இழுத்து மோந்தார்.

"அதான பாத்தேன்" என்றார்.